ஆறாம் கழியில் ஒரு டப்பா

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

இன்றும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். டச்சுக் கல்லறைக்கு எதிர்ச்சாரியில் ஓர் இடிந்த சுவர் இருக்கிறது. அங்கே ஒருவர் கல்லிடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மற்றவர் ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்தபடி நின்றார். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் இடது பக்கம்ணா, அந்த ஓட்டுக்குக் கீழ" என்றேன். துழாவியவர் திடுக்கிட்டு, "மொபைல் விழுந்துடுச்சும்மா" என்றார். மொபைல் அவருடைய இன்னொரு கையிலேயே இருந்தது.

பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஜூலையில் வந்தவர்களை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் புனைபெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். பரிசு எதுவும் கிடையாது. நைனா போனில் நானும் சேர்ந்திருக்கிறேன். அங்கே என் பெயர் ஆலா. எங்கள் ஏரிக்கு வரும் பறவைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கிறேன்: வார நாளில் என்ன வேலை செய்கிறீர்கள்? காரணம் அம்மா. நான் பதினொன்றில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்ததிலிருந்து, "அத்தப் படிச்சா இன்னா வேல? நாள் பூரா உக்காந்துக்கினு இன்னா பண்ணுவாங்க?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் குப்பத்தில் அந்த வேலை பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. ஆனால் டப்பா தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டர்காரர்கள். அதனால் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டு வருகிறேன்.

இன்று துழாவியவர் பெயர் சிவசங்கர். "பேங்க் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னா எழுப்பி விடுற ஆளு" என்றார். ஞாயிற்றுக்கிழமையில் எதற்கு இந்தச் சேற்றில் என்று கேட்டேன். "நான் சரி பண்றது எதுவும் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. மும்பையில இருக்குன்றாங்க. இது கைக்குக் கிடைக்குது பாரு."

சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன். பிசைந்த கை நின்றுவிட்டது.

"பாய்ண்ட ஊருக்கே சொல்லிடுவாங்களா?"

"ஆமா நைனா."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒளிச்சு வெக்கறது?"

நைனாவுக்கு அது புரியாதுதான். கடலில் மீன் அகப்படும் இடங்களை அவரும் ஜிபிஎஸ்ஸில் வைத்திருக்கிறார். யார் பார்த்தாலும் விளங்கக்கூடாது என்று அவற்றுக்கு எங்கள் ஆடுகளின் பெயர் வைத்திருக்கிறார். லட்சுமி, கருப்பி, நொண்டி. பக்கத்து வீட்டு முத்துராஜ் மாமா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தும் நொண்டி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை சொன்னதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அனுப்பம்பட்டிலிருந்து ராஜம்மா என்று ஒரு அம்மா. அறுபத்தாறு வயது, கையில் குடை, தனியாகவே வந்தார். சர்க்கார் ஆபீசில் அட்டையில் ஓட்டை போடும் வேலையில் சேர்ந்தாராம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அந்த ஓட்டைதான் எழுத்தாம். கல்லிடுக்கில் என்னைவிட வேகமாக டப்பாவை எடுத்துவிட்டார்.

பட்டியலில் இப்போது பதினொரு பேர். ஒருவருக்கு, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதே வேலை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதுக்குச் சம்பளம் வேறயா? நானே போவேனே" என்றாள். பஸ் டிக்கெட் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர். காலேஜ் லேப்பைப் பூட்டித் திறப்பவர் ஒருவர். ஒரே ஒருவர் மட்டும் பல் டாக்டர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷாலினி அக்கா சென்னையிலிருந்து வந்தார். தேடுவதற்கு அல்ல, ஒளித்துவைக்க. படகில் போனால் மட்டுமே எட்டுகிற மாதிரி ஏரிக்குள் ஓர் இடம் வேண்டும் என்றார். நைனா தன் படகில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். ஏரி நடுவே இருக்கும் திட்டில் வைப்பதாகத்தான் பேச்சு. ஆனால் திட்டில் தொடை வரை சேறு, இறங்கவே முடியவில்லை. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று நைனா படகைத் திருப்பினார்.

வரும் வழியில் நண்டு வலையைப் பார்க்க நைனா தண்ணீரில் இறங்கி நடந்துபோனார். இடுப்பளவு தண்ணீர்தான். நாங்கள் படகில் இருந்தோம். பக்கத்தில் தண்ணீரில் நட்ட ஒரு மரக்கழி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிப்பி மூடி நின்றது. "இது யாராவது உபயோகிக்கிறாங்களா?" என்று அக்கா கேட்டார். நான் "பழசுக்கா, சும்மா நிக்குது" என்றேன். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, நீல டப்பாவைக் கம்பியால் நானே கட்டினேன். மூடியில் அக்கா வெள்ளை மையால் எண்களை எழுதியிருந்தார். வடக்கு 13, கிழக்கு 80, அப்புறம் புள்ளிக்குப் பின்னால் நிறைய. நைனா திரும்பி வந்தபோது நாங்கள் நாரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பட்டியலுக்காக அக்காவிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல மேப் போடறேன்" என்றார். எனக்கு ஒரே பிரமிப்பு. இதுவரை வந்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று எழுதிவைத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

காலாண்டுப் பரீட்சை. கம்ப்யூட்டர் பேப்பர் சுலபம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று 'பாடு' முறைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் வலை கட்ட முடியாது. கடல் ஏறி இறங்கும்போது வெள்ளம் இழுக்கிற வழியில் கொஞ்சம் இடம்தான் உண்டு. சண்டை வராமல் அதைப் பிரித்துக்கொள்ளும் முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு பேர். யாருக்கு எந்த இடம், எந்த நாள் முதல் என்று சீட்டு சொல்லும். நைனாவுக்கு மூன்றாம் இடம் விழுந்திருக்கிறது. தீபாவளி அமாவாசை கழிந்த முதல் வெள்ளம். இறால் நிறைந்து வரும் நேரம். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முத்துராஜ் மாமாவுக்கு அதே இடத்தில் நைனாவுக்கு அடுத்த முறை. "நீ வாரிட்டுப் போனப்புறம் எனக்கு இன்னா மிஞ்சும், பொடி கூனி எறாதான்" என்று சிரித்தார்.

அப்புறம் நைனா சொன்னார்: "எல்லைக் கழிங்க நிக்குதான்னு பாக்கணும். ஆறாவது போன வெள்ளத்துலயே சாஞ்சு போச்சு."

சாய்ந்த கழி. சிப்பி மூடிய கழி.

பாட்டுக்குப் பெண்பிள்ளைகள் போவதில்லை. அன்றுவரை கழிகளை நான் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், கொக்கு உட்காரும் குச்சிகளாக. எது எல்லை, எது பழசு என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரியாது என்று ஏன் சொல்லவில்லை? அக்கா என்னைப் பெரிய ஆள் மாதிரி கேட்டார். அதற்காகவா?

எல்லைக் கழியைப் பாட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. எந்தப் படகிலிருந்து கழியில் எது கட்டப்பட்டாலும், அந்தப் படகுக்கு அந்த வருடம் பாடு இல்லை. இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். இணையத்திலிருந்து எடுத்துவிடுவதாகவும், அடுத்த ஞாயிறு வந்து அவிழ்த்துவிடுவதாகவும் எழுதினார். ஒரு வாரம். யார் பார்க்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 25, வியாழன்

ரங்கன் பார்த்துவிட்டார்.

அவர் மேற்குக் கரை ஆள். வலையில்லாமல், சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். சாய்ந்த கழியடியில் தடவப் போனவர் டப்பாவை அவிழ்த்து நேரே ஊர்த் தலைவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தலைவர் திருவேங்கடம் பெரியப்பா அதை ஏலக் கொட்டகைத் தரையில் வைத்துத் திறந்தார். சுற்றி நாற்பது பேர். உள்ளே குட்டி நோட்டு, பென்சில், மஞ்சள் ரப்பர் வாத்து.

வாத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மூடியில் இருந்த எண்ணைப் பார்த்தார்கள். "இது சர்வே நம்பரு" என்றார் முத்துராஜ் மாமா. ஏதோ துறைமுகக் கம்பெனிக்காக ஏரியை அளக்கிறார்கள் என்று இரண்டு மாதமாகவே பேச்சு. யாரோ நைனா பேரைச் சொன்னார்கள்: "தேவேந்திரன் படகுல ஒரு பொம்பள போச்சே, கையில மிஷினு வெச்சுக்கினு."

செப்டம்பர் 26, வெள்ளி

கொட்டகையில் கூட்டம். நைனாவை நடுவில் நிற்க வைத்தார்கள். நான் பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால்.

நைனா நிதானமாகத்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு என் படகுல வந்திச்சு, நெசம். திட்டுல டப்பா வெக்கணும்னு சொல்லிச்சு. சேறு, எறங்கல, திரும்பிட்டோம். கழியில யாரும் கை வெக்கல."

"டப்பா தானா நீந்திப் போயி கட்டிக்கிச்சா?" என்றார் முத்துராஜ் மாமா. சிலர் சிரித்தார்கள்.

"என் பொண்ணு கூடத்தான் இருந்துச்சு. அத்தக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் தலைவர், "பச்சப் புள்ளய இன்னாத்துக்கு இழுக்கற. நீ சூடம் அடி, முடிஞ்சிச்சு" என்றார்.

நவராத்திரி முடியட்டும் என்று அக்டோபர் 5, ஞாயிறு காலை என்று வைத்திருக்கிறார்கள். எல்லையம்மன் கோயில் வாசலில் நைனா எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, என் படகிலிருந்து கழியில் எதுவும் கட்டப்படவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பாடு நிற்கும். மறுத்தால் ஏரியை விற்றவன் என்று பட்டியலிலிருந்து பேரையே எடுத்துவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு இல்லை. எப்போதைக்கும்.

நைனா வீட்டுக்கு வந்து, "சூடம்தானே, அடிச்சுட்டா போச்சு" என்றார். அவருக்குப் பயமே இல்லை. ஏன் இருக்கும்? தான் சொல்வது உண்மை என்று நினைக்கிறார்.

அது பொய் என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் 27, சனி

ஒரு வழி தோன்றியிருக்கிறது. டப்பா தேடி வருகிறவர்கள் சர்வே ஆட்கள் இல்லை என்று நிரூபித்துவிட்டால் சூடமே தேவைப்படாது, இல்லையா? டப்பா விளையாட்டு டப்பா என்று ஆகிவிட்டால் யார் கட்டினார்கள் என்பதைக்கூடக் கேட்கமாட்டார்கள்.

என் நோட்டுப் பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் எழுதினேன். உங்கள் உண்மையான பெயர், வார நாளில் நீங்கள் செய்யும் வேலை, எதற்காக எங்கள் ஊருக்கு வந்தீர்கள், இந்த மூன்றையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். என் நைனாவின் பாடு உங்கள் கையில் இருக்கிறது.

கடைசி வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். என் கையில் அல்லவா இருக்கிறது?

செப்டம்பர் 29, திங்கள்

ஒன்பது பதில் வந்துவிட்டது. சிவசங்கர் அண்ணா பேங்க் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, "எங்க மேனேஜர் கேட்டாக்கூட இவ்ளோ வெவரமா நான் சொன்னதில்ல" என்று எழுதியிருக்கிறார். ராஜம்மா முழுப் பக்கம் கையால் எழுதியிருக்கிறார், மணி மணியான எழுத்து. ஓய்வு பெற்ற பிறகு தன்னை எங்கேயும் யாரும் தேடுவதில்லை, அதனால் தானே எதையாவது தேடிப் போவதாக. பல் டாக்டர், எங்கள் ஊர்க்காரர்கள் கும்பலாக வந்தால் இலவசமாகப் பல் பார்ப்பதாக.

ஷாலினி அக்காவிடமிருந்து பதில் இல்லை. நேற்று டப்பாவை அவிழ்க்க வருவதாக இருந்தார். வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவிழ்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அம்மா இன்று லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கருவாடு வாங்கப் போனாள். அங்கேயும் கேட்டார்களாம், "உங்க ஊட்டுக்காரரு ஏரிய வித்துட்டாராமே?" கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இன்ஜினுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் நைனா குங்குமம் வைத்தார். "உன் புக்கு நோட்டெல்லாம் கொண்டாந்து வை" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் வைத்தேன், இந்த நோட்டைத் தவிர. இதில் செப்டம்பர் 14 இருக்கிறது. சாமி முன்னால் வைக்கக் கை வரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

அக்கா பதில் எழுதிவிட்டார். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"பூவிழி, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என் வேலை. போன வருடம் எங்கள் அலுவலகம் ஒரு துறைமுகக் கம்பெனிக்கு உங்கள் கரையை வரைந்து கொடுத்தது. ஏரிப் பகுதியை வரைந்தது நான். நாலு மாதம் திரையிலேயே பார்த்த ஏரியை ஒரு தடவை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். டப்பா வைக்க வந்தது விளையாட்டுக்காகத்தான். அலுவலகத்துக்கு அது தெரியாது. ஆனால் உன் ஊர்க்காரர்கள் பயப்படுவது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதைக் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய். ஞாயிறு நான் வருகிறேன்."

மூன்று தடவை படித்தேன். ஒன்பது பேர் பேங்க், பஸ், பல் என்று எழுத, நைனா படகில் ஏறிய ஒருவர் மட்டும் இப்படி. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படித்தால் யாருக்குத் தெரியும்? ஒன்பது போதாதா?

அக்டோபர் 3, வெள்ளி

அக்காவுடையதைத் தனியாக எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு மறுபடி மற்றவற்றோடு சேர்த்தேன். பிறகு மறுபடி எடுத்தேன்.

நைனா வேட்டி துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு.

அக்டோபர் 4, சனி

சொல்லிவிட்டேன்.

நைனா கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டேன். "நைனா, சூடம் அடிக்காத" என்றேன்.

"இன்னா?"

"அடிக்காத. டப்பாவ நான்தான் கட்டுனேன். நீ நண்டு வல பாக்கப் போனப்ப. எல்லைக் கழின்னு எனக்குத் தெரியாது."

ஊசி நிற்கவில்லை. இரண்டு கண்ணி போட்டார். மூன்றாவதில் நின்றது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்காவா, உனக்காவா?"

"எனக்குத்தான்" என்றேன்.

மூன்றாவது கண்ணியை அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு, "சூடம் அடிச்சிருந்தேன்னா" என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

பத்துக் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். ஒன்பதையும். நைனா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் எண்ணத் தெரிந்தவர். "பத்துன்னியே" என்றார். அக்காவுடையதை எடுத்துப் படித்தேன். படித்து முடித்ததும், "இத்த மட்டும் உட்டுடலாமா நைனா?" என்று கேட்டேன்.

"பூவிழி. நாளைக்கு அத்த மொதல்ல படி."

அம்மாவுக்கு நைனாவே சொன்னார். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

கோயில் வாசலில் ஊரே இருந்தது. எல்லாப் படகும் கரையில். தட்டில் சூடம் வைத்துப் பூசாரி தீப்பெட்டியை எடுத்தார். நைனா, "கொளுத்தாதீங்க" என்றார். ஒரே சத்தம். முத்துராஜ் மாமா, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார். நைனா என் தோளில் கை வைத்து முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தெரியாம சொன்னேன். என் பொண்ணு சொல்லும்."

சொன்னேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியாமல் இரண்டு தடவை சொன்னேன். பிறகு அக்காவின் கடிதத்தை முதலில் படித்தேன். அக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். காலை பஸ்ஸில் வந்திருந்தார். தானாகவே முன்னால் வந்தார்.

"நீதானா அது?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

"அளந்து குடுத்துட்ட."

"படத்தைப் பாத்து வரைஞ்சேங்க. கொண்டு வந்திருக்கேன். கம்பெனிக்குக் குடுத்துட்டோம், அத மாத்த முடியாது. ஆனா நீங்க பாக்கணும்."

முத்துராஜ் மாமா, "இன்னாத்துக்குப் பாக்கணும், மொதல்ல வெளிய அனுப்பு" என்று கத்தினார். நான் மற்ற ஒன்பதைப் படிக்க ஆரம்பித்தேன், யாரும் கேட்கவில்லை. தலைவர் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். அக்கா லேப்டாப்பைக் கோயில் திண்டில் வைத்துத் திறந்தார். ஆண்கள் எல்லாம் குனிந்தார்கள். லைட்ஹவுஸ் இருந்தது, ரோடு இருந்தது, பாலம் இருந்தது. ஏரி வெறும் நீலம்.

"பாடு எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க. படத்துல தண்ணிதான் தெரிஞ்சுது. யாரும் சொல்லல. காலித் தண்ணின்னு நெனச்சுட்டேன்."

ரங்கன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க தடவுற எடம்லாம்?" என்றார், மெதுவாக. அக்கா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவைத் தலைவர் நைனாவைப் பார்க்காமல் சொன்னார். தேவேந்திரன் ஏரியை விற்கவில்லை, பேர் பட்டியலில் நிற்கும். ஆனால் கழியில் கட்டியது அவர் படகிலிருந்துதான், தெரியாமல் கட்டினாலும் கட்டினதுதான். இந்த வருடப் பாடு கிடையாது. மூன்றாம் இடம் முத்துராஜுக்கு.

நைனா, "சரி" என்றார்.

திரும்பி வரும்போது அம்மாதான் பேசினாள். "பொய் சத்தியம் பண்ணாம வந்துட்டல்ல. உடு."

அக்டோபர் 6, திங்கள்

சூடம் அந்தத் தட்டிலேயே கரைந்து போயிருக்கும்.

அக்டோபர் 24, வெள்ளி

முத்துராஜ் மாமா மூன்றாம் இடத்தில் வலை கட்டிவிட்டார். கூடை கூடையாக இறால் வந்தது. மாமி ஒரு சட்டி நிறைய எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். அம்மா வாங்கிக்கொண்டாள், சமைத்தாள். நைனா தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

நவம்பர் 3, திங்கள்

பாட்டு வருமானம் இல்லாததால் நைனா இன்று முதல் மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனுக்கு வேலைக்குப் போகிறார். லோடு ஏற்றி இறக்குவது. முதல் பஸ்ஸில் போய், விளக்கு வைத்தபின் வருகிறார். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவரை என்னால் பார்க்க முடியவில்லை. "இன்னா முறைக்கற? நானும் ஆபீஸருதான்" என்றார். செய்தது நான். ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொன்னால் தேவலை.

நவம்பர் 16, ஞாயிறு

தலைவர் வீட்டுக்கு வந்தார். மேப்பில் பார்த்த அந்த நீல வெறுமை அவரைத் தூங்கவிடவில்லையாம். "கழி கழியா பாய்ண்டு எடுக்கணும். அந்தப் பொண்ணு மேப்புல ஏத்தித் தரேன்னு சொல்லிச்சு, ஆபீஸ் வேலையா இல்ல, ஞாயித்துக்கெழமையில. ஒரு பிரதி கோயில் பொட்டியில, ஒண்ணு கலெக்டர் ஆபீஸுக்கு. ஜிபிஎஸ்ஸு உன்ன மாரி யாருக்கும் வராது தேவேந்திரா."

நைனா யோசித்தார். "என் பாய்ண்டு எதையும் காட்டமாட்டேன்."

"உன் ஆட்டுப் பேரெல்லாம் யாருக்குடா வேணும்? கழி மட்டும்."

"எழுத என் பொண்ணு வரும்" என்றார் நைனா. தலைவர் என்னைப் பார்த்தார். பெண்பிள்ளைகள் பாட்டுப் பக்கம் போவதில்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

இன்றோடு பத்தொன்பது கழியும் முடிந்தன. ரங்கன் ஒவ்வொரு இடமாகத் தண்ணீரில் இறங்கி நின்று காட்ட, அவர் ஆட்கள் தடவிப் பிடிக்கும் இடங்களில் ஏழும் குறித்தாயிற்று. நைனா எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆறாம் கழியை முத்துராஜ் மாமா புதிதாக நட்டிருக்கிறார், நேராக நிற்கிறது. பக்கத்தில் போகும்போது நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். நைனா அதைப் பார்த்தார்.

கரை ஏறியதும், "இன்னிக்கு ஞாயிறு. உன் கும்பல் எதுனா ஒளிச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். சிவசங்கர் அண்ணா தலைவரிடம் கேட்டுக்கொண்டு லைட்ஹவுஸ் ரோட்டோரம் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார். நான் காட்டவில்லை. நைனா தன் ஜிபிஎஸ்ஸில் எண்ணைப் போட்டு, தலையைத் தூக்காமல் நேராக நடந்து, வேலிக்கல்லுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப இன்னா எழுதணும்?"

"பேரு, தேதி. சொந்தப் பேரு வேணாம்."

பென்சிலை எச்சில் தொட்டு, மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். நொண்டி. 4.1.2026.

நாளை முதல் பஸ் என்பதால் சீக்கிரம் படுத்துவிட்டார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பட்டியலில் பதினாறாவதாகச் சேர்த்தேன்:

நொண்டி. வார நாளில்: மீஞ்சூர், குடோனில் லோடு. கம்ப்யூட்டர் அனுபவம்: ஜிபிஎஸ், பதினொரு வருடம். ஞாயிற்றுக்கிழமை: ஏரி.